கவிழ்த்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

கோவை கணபதியில் டை (பிளாஸ்டிக்கை வார்க்கும் உலோக அச்சு) பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஏனுங்கண்ணா, நம்ம ரயில்வேயோட பெட்ரோல் டேங்கர் வேகன், அந்த பிடிபிஎன், அதை ஹெச்ஓ அளவுல, அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கா, பிளாஸ்டிக்ல கொண்டு வரலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படத்தை மாடல் ரயில் ஆளுங்ககிட்ட காட்டினேன். அறுபது பேருக்கு மேல 'சூப்பர், கண்டிப்பா வேணும்'னாங்க. இதை நம்பி டை வெட்டலாமுங்களா? எத்தனை போகும்னு எப்படிக் கணக்குப் போடறது?"

வெட்ட வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டாம். வேகனை விடச் சொல்லவில்லை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த அறுபது பேர் உங்களிடம் சொன்னது "படம் நன்றாக இருக்கிறது" என்பதை மட்டும்தான். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று தலையாட்டியவர்களை எல்லாம் எண்ணி இலை போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். நான் ஈரோட்டில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022 முதல் அந்த வேலைக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் கார்டுதான். வேலை பார்த்ததெல்லாம் வண்டியின் வால் பக்கம் என்பதால், கடைசியில் கார்டு உட்காரும் பிரேக் வேன் மேல் எனக்கு ஒரு பாசம். பிவிஇசட்ஐ என்ற எட்டுச் சக்கர வேனை 1:87 அளவில் செய்ய ஆசை. சிங்காநல்லூரில் பேட்டர்ன் வேலை (வார்ப்புக்கு மாதிரி செய்வது) செய்யும் ஒரு நண்பர் மாஸ்டர், அதாவது மூல மாதிரி செய்து, சிலிக்கோன் அச்செடுத்து, ரெசினில் (ஊற்றினால் கெட்டியாகும் பிசின்) வார்த்துக் கொடுத்தார். முன்னாடியே கேட்டு வைத்திருந்தேன். 34 பேர் வேண்டும் என்றார்கள். 34 வேன் வார்த்தோம். பணம் அனுப்பியவர்கள் 11 பேர். மீதி 23 வேனும் செருப்பு டப்பாக்களில் பீரோ மேல் தூங்கின. தீர்ந்து முடிய மூன்று வருஷம் ஆனது. யாரும் ஏமாற்றவில்லை. கேட்ட விதம் தப்பு, அவ்வளவுதான்.

என்ன தப்பு என்றால், "பிடிக்கிறதா" என்று கேட்டேன். பிடிக்காமல் இருக்குமா? ரயில் பைத்தியத்திடம் பிரேக் வேனைக் காட்டினால் பிடிக்கத்தான் செய்யும்.

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடு பிடிக்கப் போனவர்களுக்குத் தெரியும். "அடடா, என்ன காளை!" என்று சுற்றிச் சுற்றி வருகிறவர் வாங்க வந்தவர் இல்லை. வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைத் தேடுவார், நடக்கவிட்டுக் கால் எப்படி விழுகிறது என்று பார்ப்பார், "பின்னங்கால் கொஞ்சம் இடிக்குதே" என்பார். அவரோடுதான் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். மாடல் ரயிலிலும் அப்படியே. என் மேஜை மேல் வேனை வைத்தபோது படம் பிடித்துப் புகழ்ந்துவிட்டுப் போனவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை. வாங்கிய 11 பேரில் முக்கால்வாசிப் பேர் செய்த முதல் வேலை, வேனைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தது. பிரேக் சிலிண்டர் எங்கே, காற்றுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, சக்கரத்தை ஊதிவிட்டால் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்தார்கள். அப்புறம் குறை சொன்னார்கள். எனவே உங்கள் அறுபது பேரில் யார் குறை சொன்னார்கள் என்று முதலில் தனியாக எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் நிஜமான பட்டியல்.

அடுத்தது பெரிய விஷயம். இன்ஜின் விற்பனையும் வேகன் விற்பனையும் ஒன்றில்லை. இன்ஜின் என்றால் ஆளுக்கு ஒன்று, ஆசைப்பட்டால் இரண்டு. வேகனில் எத்தனை பேர் என்பதைவிட ஒருவருக்கு எத்தனை என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கும். இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் சரக்கு வண்டி நவதானியம் மாதிரி. ஒரு டேங்கர், ரெண்டு பெட்டி வேகன், ஒரு மர வேகன், பேர் தெரியாத ஏதோ ஒன்று என்று கலந்து வரும். அதனால் அங்கே விசித்திரமான வேகன் ஒன்றை யாராவது குறைந்த எண்ணிக்கையில் கொண்டுவந்தால் ஆளுக்கு ஒன்று வாங்கி வண்டியின் நடுவில் கோத்துவிடுவார்கள். தனித்தன்மையே அங்கே விற்பனைக் காரணம்.

நம் ஊரில் அப்படி இல்லை. 1980-களிலேயே ரயில்வே ஒன்றிரண்டு வேகன் சரக்கை விட்டுவிட்டு முழு ரேக்குக்கு, அதாவது ஒரே வகை வேகன்களைக் கோத்த முழு வண்டிக்குப் போய்விட்டது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி போனால் பாக்ஸ்என் என்ற திறந்த வேகன் மட்டுமே 58. சிமெண்ட் என்றால் பிசிஎன் என்ற மூடிய வேகன் வகை மட்டுமே. இருகூர்ப் பக்கம் டேங்கர் ரேக் வந்தால் முழுக்க டேங்கர், ஏறத்தாழ ஐம்பது. ஒரே ஒரு பிடிபிஎன் வேகனை பாக்ஸ்என் வண்டியின் நடுவில் கோத்தால், ரயில் தெரிந்தவர் கண்ணுக்கு அது பாயசத்தில் மிளகாய். ஆகவே உங்கள் வேகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்று வாங்கினால் அலமாரியில் நிற்கும், ஓட வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து வேண்டும்.

முழு ரேக்கும் யாரும் வாங்க மாட்டார்கள். கப்ளிங்கிலிருந்து கப்ளிங் வரை பிடிபிஎன் 12.42 மீட்டர், 87-ஆல் வகுத்தால் 143 மில்லிமீட்டர். ஐம்பது கோத்தால் 7 மீட்டரைத் தாண்டும். அது வீட்டில் எந்த அறைக்குள் நிற்கும்? நான் பார்த்த வரை நம் ஆட்கள் ஓட்டுவது ஆறு முதல் பன்னிரண்டு வேகன் வண்டி. கட்டிலுக்குக் கீழே பலகையில் தண்டவாளம் வைத்திருப்பவருக்கு நாலு போதும். ஆக நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்களிடம் இப்போது ஓடுகிற நீளமான சரக்கு வண்டியில் எத்தனை வேகன்?" என்பது. ஆசையைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எப்போது வேகன் வாங்கினீர்கள், என்ன விலை கொடுத்தீர்கள்?" என்பது இரண்டாவது. இதற்குப் பதில் சொல்ல முடியாதவர் நல்ல மனுஷராக இருக்கலாம், வாடிக்கையாளர் இல்லை.

தண்டவாளத்தைப் பற்றியும் கேளுங்கள். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஹெச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைக்கு ஏற்றது. நம் அகலப்பாதை 1676. 1:87-இல் அது 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 என்பதால் நாம் எல்லாரும் 1:87 உடம்பைக் குறுகிய பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சிலர் பிரிட்டிஷ் ஓஓ கணக்கில், அதாவது 1:76 அளவில், சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் 1:87 டேங்கர் குட்டியாகத் தெரியும். "வேணும்" என்ற அறுபதில் எத்தனை பேர் ஓஓ ஆட்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதல்லவா. வளைவின் ஆரமும் அப்படித்தான். 371 மில்லிமீட்டர் ஆர வளைவு வைத்திருப்பவரும் 559 வைத்திருப்பவரும் ஒரே வேகனைக் கேட்கவில்லை. இறுகிய வளைவில் போகி (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) திரும்ப இடம் விட்டால் பிரேக் ராடுகளை வெட்ட வேண்டும்; வெட்டினால் கவிழ்த்துப் பார்ப்பவர் போய்விடுவார். கப்ளிங்கில் நான் குழம்பவே மாட்டேன். நம் வேகன்களை நடுவில் கோக்கும் சென்டர் பஃபர் கப்ளருக்கு அமெரிக்க கேடீ கப்ளிங்தான் பொருத்தம். (பெயர்தான் அப்படி, சாமான் நல்ல சாமான்.) அதை மாட்ட வேகன் முனையில் ஒரு சின்னப் பெட்டி போல இடம் விட்டுவிடுங்கள், மற்றதை அவரவர் மாற்றிக்கொள்வார்கள்.

சரி, கேள்வி கேட்டாயிற்று. அப்புறம்? இங்கேதான் உங்களுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். என் பிரேக் வேனுக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

முதலில் வேகனை விற்காதீர்கள். போகியை விற்றுப் பாருங்கள்.

பாக்ஸ்என், பிசிஎன், பிடிபிஎன் மூன்றுக்கும் கீழே இருப்பது கேஸ்னப் போகிதான். உள் மாறுபாடுகள் உண்டு, ஆனால் சக்கர அச்சுகளுக்கு இடையே 2000 மில்லிமீட்டர் என்பது பொது. 1:87-இல் 23 மில்லிமீட்டர். இப்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்க வேகன் போகியைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். அதன் அச்சு இடைவெளி இருபதரை மில்லிமீட்டருக்குள். இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் படிக்கும்போது ஒன்றுமில்லை. வேகனைப் பக்கவாட்டில் பார்த்தால் ஆள் பெரிய சட்டையில் சின்னக் காலோடு நிற்கிற மாதிரி இருக்கும். சக்கரமும் அப்படியே. நம் சரக்கு வேகன் சக்கரம் புதிதாக இருக்கும்போது 1000 மில்லிமீட்டர், அளவில் 11.5. ஐரோப்பியச் சக்கரம் 11 மில்லிமீட்டருக்குக் கிடைக்கும். கொஞ்சம் தேய்ந்த சக்கரம் என்று வைத்துக்கொள்ளலாம், கண் உறுத்தாது. அமெரிக்கச் சக்கரத்தில் 9.6-ம் 10.5-ம் தான்.

போகிக்கு டை சின்னது. பக்கச் சட்டம் இரண்டு, நடுவில் போல்ஸ்டர் என்ற குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். உங்கள் பட்டறையில் கையிருப்பு அலுமினியக் கட்டையிலேயே வெட்டிவிடலாம். ஜோடி ஜோடியாகப் பையில் போட்டு விலை வைத்து விற்றுப் பாருங்கள். வேகனைக் கையால் கட்டுகிறவர்கள், பிரிண்ட் எடுத்துச் செய்கிறவர்கள், கைவசம் உள்ள பழைய வேகனைத் திருத்துகிறவர்கள் எல்லாரும் வந்து சேர்வார்கள். ஒருவர் ஒரு ஜோடி வாங்கினால் பரீட்சை பார்க்கிறார். எட்டு ஜோடி வாங்கினால் ரேக் கட்டுகிறார். அந்த எட்டு ஜோடி ஆட்களின் எண்ணிக்கைதான் உங்கள் பிடிபிஎன் வேகனின் சந்தை. எந்தக் கணக்கெடுப்பிலும் இவ்வளவு சுத்தமான பதில் வராது. நட்டம் வந்தாலும் போகி டை வீணாகாது. நாளைக்கு நீங்கள் எந்த வேகன் செய்தாலும் அதற்கு அடியில் அதுதான் போகப்போகிறது.

பணக் கணக்குக்கு வருவோம். இது வெறும் உதாரணம், உங்கள் நிஜக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். வேகன் உடம்புக்கும் அடிச்சட்டத்துக்கும் டை, மாதிரி, திருத்தம் எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் என்று வைப்போம். ஒரு வேகன் விற்றால் சக்கரம், பெயிண்ட், டெக்கால் (எழுத்து ஒட்டும் தாள்), பெட்டி போக 1,000 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். 500 வேகன் விற்றால் போட்ட பணம் திரும்பும். உங்கள் உழைப்புக்குக் கூலி அப்போதும் பூஜ்யம். ஆளுக்கு நாலு என்றால் 125 பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு என்றால் 250 பேர். இப்போது உங்கள் அறுபதைப் பாருங்கள். என் அனுபவத்தில் மூன்றில் ஒருவர் பணம் அனுப்பினார். அதை வைத்தால் 20 பேர். தாராளமாக ஆளுக்கு ஐந்து என்றாலும் 100 வேகன்.

100 வேகனுக்கு டை வெட்டக்கூடாது. ஆனால் 100 வேகனை வார்க்கலாம். ரெசின் பிரிண்டரில் ஒரே ஒரு நல்ல மாஸ்டர் எடுங்கள். கையால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். டேங்க் உருளையில் அடுக்குக் கோடு தெரிந்தால் பெயிண்ட் அடித்ததும் கத்தும். அதிலிருந்து சிலிக்கோன் அச்செடுத்துப் பாலியூரித்தேன் ரெசின் ஊற்றுங்கள். ஓர் அச்சில் இருபது, இருபத்தைந்து வரை நன்றாக வரும், அப்புறம் ஓரங்கள் கிழியும். நாலைந்து அச்சுப் போதும். சுருங்கும் அளவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் பாடிக்குப் பேட்டர்ன் போடும் ஊரில் பிறந்தவருக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. எடையைக் கவனியுங்கள். என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாடல் ரயில் அமைப்பின் பரிந்துரைப்படி ஹெச்ஓ வேகனுக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 143 மில்லிமீட்டர் வேகனுக்கு ஏறத்தாழ 108 கிராம் வரும். டேங்க்குக்குள் ஈயக்குண்டு போட இடம் விடுங்கள், ஒட்டி மூடிவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள்.

இந்த நூறும் மளமளவென்று தீர்ந்து, வாங்கியவர்களே "இன்னும் ஆறு" என்று திரும்பி வந்தால் டை வெட்டுங்கள். திரும்பி வருகிற ஆர்டர்தான் நெருப்பு, முதல் ஆர்டர் வெறும் புகை.

முன்பணம் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்பீர்கள். வாங்குங்கள், சின்னத் தொகையாக வாங்குங்கள். ஒருவர் ஐந்நூறு ரூபாய் அனுப்பினால் அவர் அந்த வேகனுக்குத் தண்டவாளத்தில் இடம் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அந்தப் பணத்தை வேறு கணக்கில் போட்டு, பட்டறை வாடகைக்கோ கரண்டு பில்லுக்கோ தொடாமல் வையுங்கள். "இந்தத் தேதிக்குள் இத்தனை எண்ணிக்கை சேராவிட்டால் முழுப்பணமும் திரும்ப வரும்" என்று எழுதியே கொடுங்கள். இங்கிலாந்தில் ஒரு சிறிய மாடல் நிறுவனம் இப்படி ரசிகர்களிடம் முன்பணம் வாங்கித் திட்டங்களை ஓட்டிக்கொண்டிருந்தது, 2019-இல் மூடிவிட்டது. கட்டியவர்கள் கையில் ரசீதுதான் மிச்சம். இது சின்ன உலகம். ஒரு தடவை பேர் கெட்டால் கோயம்புத்தூர் முதல் கொல்கத்தா வரை அடுத்த நாளே தெரிந்துவிடும்.

எண்களைப் பற்றி ஒன்று. இதை யாரும் முதல் தடவையில் நினைப்பதில்லை. நம் வேகனில் 11 இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேயுடையது, அடுத்த இரண்டு செய்த வருஷம், அப்புறம் நாலு இலக்கம் அந்த வேகனின் சொந்த எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். ஆறு வேகன் வாங்குகிறவருக்கு ஆறிலும் ஒரே எண் இருந்தால் அவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். டெக்கால் தாளில் குறைந்தது பன்னிரண்டு வேறு வேறு எண்களைப் போடுங்கள். செலவு ஒரு தாளுக்குள் அடங்கிவிடும், விற்பனை இரட்டிப்பாகும். ஒர்க்ஷாப் பேர், பராமரிப்புக்குத் திரும்ப வேண்டிய தேதி இவற்றைத் தனியாகக் கொடுங்கள், ஒட்டுகிறவர் தன் காலத்துக்கு ஏற்ப ஒட்டிக்கொள்வார்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதானே நான் வாங்குகிற ஆள் என்று தெரியும். பிடிபிஎன்னுக்கு டேங்க்கின் கீழே முழு நீளத்துக்கு அடிச்சட்டம் உண்டு. சட்டமே இல்லாமல் டேங்க்கே பாரம் தாங்குவது பிடிஎஃப்எல்என், அது வேறு வேகன். உங்கள் படத்தில் சட்டம் பிடிபிஎன்னுடையது, முனைகள் மற்றதுடையது மாதிரி இருக்கிறது. இரண்டு வண்டியின் போட்டோவும் கலந்துவிட்டது போல. ஏணிக் கம்பியும் பிளாஸ்டிக்கில் வார்க்க முடியாத மெல்லிசு. 20 மில்லிமீட்டர் கம்பி அளவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. 0.3 பித்தளைக் கம்பியில் போங்கள். அளவுகளுக்கு ரயில்வேயின் வடிவமைப்பு அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் வரைபடத்தைத் தேடுங்கள். யார்டுக்குள் இறங்கி டேப் பிடிக்க வேண்டாம். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவு இருக்கிறது, அதுவும் பெட்ரோல் ஏற்றும் சைடிங்கில் உங்களைப் பார்த்ததும் டீ கொடுக்க மாட்டார்கள். பெட்டி மேல் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போடுவதா, அது போதுமா என்பதையும் விற்கத் தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ குறி கட்டாயம்.

பிரேக் வேனைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. டேங்கரோ நிலக்கரியோ சிமெண்டோ, எந்த ரேக்குக்கும் வாலில் அதைக் கோக்கலாம். ஆளுக்கு ஒன்றுதான் போகும், ஆனால் எல்லா ஆளுக்கும் போகும். என்னுடைய தப்பு வேன் இல்லை, தலையாட்டியவர்களை எண்ணி வார்த்ததுதான். உங்கள் டேங்கரோடு சேர்த்து "ஐந்து வேகன், ஒரு பிரேக் வேன்" என்று ஒரு பெட்டியாகக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு அன்றைக்கே ஒரு வண்டி ஓடும். மாஸ்டர் என்னிடம் இருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது. அந்த வேனுக்கு அடியில் வரும் ஐசிஎஃப் போகி (பயணிகள் பெட்டிகளில் வரும் வகை) மட்டும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் போகி ஜோடி வந்ததும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்கு வாங்க. என் தண்டவாளத்தில் 457 மில்லிமீட்டர் வளைவு ஒன்று இருக்கிறது, நடுவில் ஒரு ஜாயின்ட் கொஞ்சம் தூக்கலாக நிற்கும். வேண்டுமென்றே சரி செய்யாமல் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் எங்கேயும் தாண்டும்.